டம்ளரில் அள்ளும் மின்சாரம்

“வீட்டு கேட்டின் கீல் விட்டுப்போச்சு. பட்டறைக்காரர் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்கிறார். 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறதாமே, ஒரு கையால் தூக்கிவிடலாமாமே, வாங்கலாமா?” வாசகர் ஒருவரின் கேள்வி இது.

வாங்கலாம். எடை விஷயத்தில் விளம்பரம் பொய் சொல்லவில்லை. 200 என்ற எண்தான் இடிக்கிறது.

பட்டறையில் சக்கரம் வைத்து இழுக்கும் பழைய மிஷினுக்கு ஏன் அந்தக் கனம்? உள்ளே இருக்கும் மின்மாற்றியின் இரும்புக் கருவை ஒரு பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். தெருக்குழாயிலிருந்து வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கிற மாதிரி, அது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை அள்ளி அந்தப் பக்கம் கொட்டுகிறது. மின்வாரியம் தருவது நொடிக்கு 50 சுற்று. ஐம்பதே நடையில் தொட்டி நிரம்ப அண்டா வேண்டும். நொடிக்கு 50,000 நடை போக முடிந்தால்? டம்ளர் போதும்.

இன்வெர்ட்டர் செய்வது அதைத்தான். வீட்டு மின்சாரத்தை முதலில் 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்னோட்டமாக்கும். ஐஜிபிடி எனும் குறைக்கடத்திச் சுவிட்சுகள் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை நறுக்கும். பிறகு குட்டி மின்மாற்றி வோல்டேஜைக் குறைக்க, மறுபடி நேராக்கி வெல்டிங் ராடுக்கு அனுப்பும்.

நடை ஆயிரம் மடங்கானால் பாத்திரமும் ஆயிரத்தில் ஒரு பங்காக வேண்டுமே? ஆகாது. அந்த வேகத்தில் இரும்புக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி அண்டாவே கொதித்துவிடும். அதனால் டம்ளரை ஃபெரைட்டில் செய்கிறார்கள். இரும்பு ஆக்சைடைச் சூளையில் சுட்டெடுத்த, ஒரு வகை மண்பாண்டம். மின்சாரம் அதில் எளிதில் ஓடாது. ஆனால் கொள்ளளவு குறைவு: அண்டாவின் சிலிக்கான் எஃகு 1.5 டெஸ்லா காந்தப்புலத்தைத் தாங்கும் இடத்தில், ஃபெரைட் 0.4 டெஸ்லா வாக்கில் நிரம்பிவிடும். நடை நடக்கிற ஐஜிபிடிகளுக்கோ உள்ளங்கால் சூடேறிவிடுகிறது. பின்னாலேயே ஒருவர் விசிறிக்கொண்டு ஓட வேண்டும். மிஷினின் முதுகில் இரைகிற ஃபேன் அவர்தான். ஒருவர் தடுக்கி விழுந்தால் மற்றவர்களும் மேலே விழுவார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகல் வாடை. உவமையை இதற்கு மேல் ஓட்டினால் குடிநீர் வரி கேட்பார்கள்.

வரலாறு இல்லாமல் தீராது என்போருக்கு: 1880-களில் பெனார்டோஸ், ஓல்ஷெவ்ஸ்கி என்ற இருவர் கார்பன் குச்சியால் உலோகத்தைப் பற்றவைத்தார்கள். ஐஜிபிடியை 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் உருவாக்கிய பி. ஜெயந்த் பாலிகா சென்னையில் பிறந்தவர், மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் படித்தவர், 2024-இல் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு பெற்றார். போதும்.

இனி அந்த 200. அத்தனை ஆம்பியரில் பற்றவைக்க ஏறத்தாழ 28 வோல்ட் வேண்டும். பெருக்கினால் 5,600 வாட். இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டில் ஏ.சி.க்குப் போட்ட பெரிய பிளக் பாயிண்டே 16 ஆம்பியர்தான். சில மிஷின்களில் 200 என்பது வெறும் மாடல் எண். பின்பக்கத் தகட்டில் ‘டியூட்டி சைக்கிள்’ என்று இருப்பதைப் படிக்க வேண்டும். 30 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிட வேலை, ஏழு நிமிட ஓய்வு. அந்த வரியே இல்லாத மிஷினை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

கேட் கீலுக்கு 200 எதற்கு? 2.5 மில்லிமீட்டர் ராடு, அதாவது கடையில் 12 நம்பர், சுமார் 80 ஆம்பியரில் எரியும். 16 ஆம்பியர் பாயிண்ட் அதைத் தாங்கும், கூடவே மோட்டார் ஓடாமல் இருந்தால். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வயர்தான் முதலில் உருகும். ராடு ஒட்டாமல், அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வந்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். கேட்டின் சதுரக் குழாய் மெல்லியது; ஒரே இடத்தில் கை நின்றால் ஓட்டை.

கூலிங் கிளாஸ் உதவாது. வெல்டிங்கின் புற ஊதாக் கதிர் பட்ட கண் அப்போது வலிக்காது; ராத்திரியில் மண்ணை அள்ளிக் கொட்டினாற்போல் உறுத்தும். சரியான கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடிக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

கீலை இரண்டு இடத்தில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் டேக் அடித்து, கேட்டைத் திறந்து மூடிப் பார்த்த பிறகே முழுக்கப் பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டால் சாய்ந்த கேட்டை அறுத்தெடுக்க அதே பட்டறைக்காரர்தான் வந்தாக வேண்டும், இன்றைக்கோ நாளைக்கோ.