வினைல் கூரையில் விழுந்த பெயின்ட்

1970 மாடல் டாட்ஜ் சேலஞ்சர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சிவப்பு, கூரை மட்டும் கறுப்பு வினைல். முன் மட்கார்டில் அடிபட்டு, வீட்டுக் கொட்டகையிலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கூரையை மூடவில்லை, அல்லது செய்தித்தாளால் மூடி, அது காற்றில் விலகியதைக் கவனிக்கவில்லை. இப்போது கறுப்பின்மேல் சிவப்புப் பொடி தூவியிருக்கிறது. பார்த்தவுடன் கை தின்னர் டப்பாவைத்தான் தேடும். அதைக் கொண்டுபோய் அடுத்த அறையில் வையுங்கள். டீ வரட்டும், நிதானமாகப் பேசலாம்.

அமெரிக்காவில் மடக்குக் கூரை வைத்த காருக்கு எப்போதும் ஒரு மவுசு. தகரக் கூரைக் காருக்கும் அந்தத் தோரணை வரட்டும் என்றுதான் தோல்போல மேடுபள்ளம் அச்சிட்ட வினைலைக் கூரைமேல் ஒட்டினார்கள். 1962இல் வந்த ஃபோர்டு தண்டர்பேர்ட் லாண்டோ இந்த மோகத்துக்கு நல்ல தொடக்கம் கொடுத்தது. எழுபதுகளில் சாதாரணக் குடும்பக் கார்கள்கூட வினைல் தொப்பி போட்டுக்கொண்டன. கிரைஸ்லர் நிறுவனம் ஒரு படி மேலே போய், 1969, 1970 மாடல்களில் பூப்போட்ட வினைலையே ஒட்டியது. பிளிமத் பாரகுடாவில் அதைப் பார்க்கலாம். உங்களிடம் இருப்பது அந்தப் பூக்கூரை என்றால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அச்சு அழிந்தால் அழிந்ததுதான்.

தின்னர் ஏன் கூடாது? வினைல் என்பது பி.வி.சி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பி.வி.சி.தான். குழாய் விறைத்து நிற்கிறது, கூரைத் துணி வளைந்து கொடுக்கிறது என்றால், துணிக்குள் பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய்ப் பொருளைக் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தின்னர், அசிட்டோன் போன்றவை பெயின்ட்டைக் கரைக்கிற அதே வேகத்தில் வினைலுக்குள்ளும் புகுந்து அதை ஊதவைக்கும். அந்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வரும். துடைத்த இடத்தில் மேடுபள்ளம் மழுங்கி, ஒரு கையகலத்துக்கு வழவழவென்று மினுங்கும். நாளடைவில் அதே இடம் இறுகி வெடிக்கும். சிவப்புப் புள்ளி போயிருக்கும், கூரையும் போயிருக்கும்.

இனி நல்ல செய்தி. ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பும் துளி தூரம் போகப் போக அதிலுள்ள தின்னர் காற்றில் ஆவியாகிவிடுகிறது. கூரையின் நடுப்பகுதிக்கு வந்து சேரும்போது அது பாதி காய்ந்த உருண்டை. வினைல்மேல் உட்கார்ந்திருக்குமே தவிர, பிடிப்பு அதிகம் இருக்காது. பெயின்ட் அடித்த பாகத்துக்கு மிக அருகிலிருந்த ஓரத்தில்தான் துளி ஈரமாக விழுந்து கவ்வியிருக்கும். ஒரே கூரையில் இப்படி இரண்டு வேலை. நடுப்பகுதியில் வெற்றி கிடைத்த உற்சாகத்தில் ஓரத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம்.

பூதக்கண்ணாடி இருந்தால் ஒருமுறை பாருங்கள். மேட்டின் முதுகில் இருக்கும் புள்ளி தனியாகத் தெரியும். நகத்தால் நெம்பினால் பொட்டென்று தெறிக்கும். பள்ளத்துக்குள் இறங்கியதைத் தொடக்கூட முடியாது. பழைய கூரையில் வருடக்கணக்காக சிலிகான் பாலிஷ் தேய்த்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பெயின்டர்களுக்கு சிலிகான் என்றாலே ஆகாது. அது பட்ட தகரத்தில் பெயின்ட் குழிகுழியாக விலகும். இங்கே அந்தக் குணமே நமக்கு உதவி, பெயின்ட்டை ஒட்டவிடாமல் காத்திருக்கும்.

அடுத்து, பெயின்ட் அடித்தவரிடம் ஒரு கேள்வி: ஹார்டனர் கலந்தீர்களா? லாக்கர் என்றால் அது வெறுமனே காய்ந்து நிற்பது. தகுந்த திரவம் பட்டால் மறுபடி இளகும். ஹார்டனர் கலந்த 2கே பெயின்ட் அப்படியில்லை. இரண்டும் சேர்ந்து வேதிவினையில் இறுகியபின், வினைல் தாங்கக்கூடிய எந்தத் திரவமும் அதை அசைக்காது. அங்கே நகமும் பிளாஸ்டிக் பிளேடும் பொறுமையும்தான்.

வேலையை நிழலில், கூரை குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ். மேடுபள்ளத்தின் போக்கு ஒரே திசையில் இருக்காது, அதனால் பிரஷையும் எல்லாப் பக்கமும் சுற்றித் தேயுங்கள். காய்ந்த பொடியில் கணிசமான பங்கு இதிலேயே வந்துவிடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. வராத புள்ளிகளுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து, வெளியே தெரியாத மூலையில் சோதியுங்கள். வெள்ளைத் துணிதான் வேண்டும், காரணமிருக்கிறது. துணியில் சிவப்பு வந்தால் சரி. கறுப்பு வந்தால் கூரைக்கு யாரோ எப்போதோ மேல்பூச்சு அடித்திருக்கிறார்கள், அது கழன்று வருகிறது. அப்போது கையை எடுத்துவிடுங்கள்.

எனாமல் பெயின்ட் புதிதாக விழுந்ததென்றால் மினரல் டர்பன்டைன் உதவும். துணியில் கொஞ்சமாக எடுத்து, ஓர் இடத்தைச் சில விநாடி ஒற்றி, தேய்த்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடவேண்டும். கூரையில் நேரே ஊற்றவே கூடாது. ஊற்றினால் அது தையல் வழியாக இறங்கி அடியிலுள்ள பசையைக் கெடுக்கும்.

களிமண் கட்டியை நம்பாதீர்கள். வழவழப்பான பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் அது அருமையான பொருள், இங்கே பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். அடுக்களையில் கறை போக்கும் வெள்ளை ஸ்பாஞ்சும் பார்க்கத்தான் சாது. உண்மையில் அது நுண்ணிய உப்புத்தாள். மேட்டின் முதுகைச் சீவிவிடும். பிரேக் ஆயில் ஊற்றச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு. அது வழிந்து உடம்புப் பெயின்ட்டில் பட்டால் அடுத்த வாரம் அதையும் அடிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் செய்தும் ஓரத்தில் ஒரு செம்மை மிச்சம் இருக்கிறதா? என் கருத்தில் அதோடு சண்டை போடாமல், வினைலுக்கென்றே விற்கும் மேல்பூச்சைக் கூரை முழுக்க அடித்துவிடுவது மரியாதை. சாதாரணக் கார் பெயின்ட் வளைந்து கொடுக்காது, வெயிலில் வினைல் விரியும்போது விரிசல் விடும். பழைய சிலிகானை முழுக்கக் கழுவிவிட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். தடித்த பூச்சு பள்ளங்களை நிரப்பிவிடும். இந்த முறை கண்ணாடி, குரோம் பட்டை, பானட் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் சிவப்பு உடம்பில் கறுப்புப் பொடியோடு திரும்ப வருவீர்கள்.

பூச்சு வாங்கப் போகுமுன் பின்கண்ணாடி ஓரத்தையும் தையலையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வினைலுக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் ஆவியாக வழியில்லை, தகரம் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வீங்கியிருந்தாலோ, அழுத்தும்போது மொறுமொறுவென்று ஒலித்தாலோ பூச்சுக்குச் செலவழிக்காதீர்கள். வினைலை உரித்துத் தகரத்தைச் சரிசெய்து புதிதாக ஒட்டவேண்டிய கூரை அது. சிவப்புப் புள்ளிகள் பழைய வினைலோடு சேர்ந்தே போய்விடும்.