பணியாளர் அதிகாரி உத்தியோகம்: நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி

திருவனந்தபுரத்தில் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், பட்டப்படிப்பை முடித்த பிள்ளைக்கு அடுத்த வழி என்ன என்று பேச்சு எழுந்தால், பெரும்பாலும் மூன்று பதில்களே கிடைக்கின்றன: சர்க்கார் பரீட்சை, பாங்குப் பரீட்சை, இல்லையேல் கழக்கூட்டத்து டெக்னோபார்க். வரலாறோ பொருளாதாரமோ தமிழோ படித்த பிள்ளை, தன் படிப்புக்குக் கம்பெனிகளில் இடமில்லை என்று சோர்ந்துவிடுகிறான். அத்தகையோர்க்கும் உரிய உத்தியோகம் ஒன்று உண்டு. முன்னாளில் அதற்கு லேபர் ஆபீசர் என்று பெயர். பின்னர் பெர்சனல் ஆபீசர் என்றார்கள். இன்று மனிதவள அதிகாரி, சுருக்கமாக எச்.ஆர். என்கிறார்கள். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நான், அவ்வேலையை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில், நம்மவர்க்குப் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கே எழுதத் துணிகிறேன்.

இவ்வுத்தியோகம் பிறந்த கதை நமக்கு அந்நியமானதன்று. ஆளெடுக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் தோட்டங்களில் கங்காணியிடமும் ஆலைகளில் மேஸ்திரியிடமும் இருந்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கிராமத்தாரைத் திரட்டிச் சென்றவர் கங்காணியே. முன்பணம் கொடுத்தவரும் அவர். அக்கடனைக் கணக்கெழுதிப் பிடித்தவரும் அவர். தொழிலாளியின் கடன் தொகையை ஒரு சீட்டில் எழுதி, அச்சீட்டோடு அவனை வேறு தோட்டத்துக்கு மாற்றிய 'துண்டு' முறை இலங்கையில் 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆலை வாயிலிலும் மேஸ்திரிக்குக் கைக்கூலி கொடாமல் உள்ளே நுழைவது அரிதாக இருந்தது.

இந்நிலையை ஆராய 1929இல் நியமிக்கப்பெற்ற விட்லி கமிஷன், 1931இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பெரிய ஆலைகளில் லேபர் ஆபீசர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் வழியாகவேயன்றி எவரையும் வேலைக்கு எடுக்கலாகாது. அவர் சம்மதமின்றி எவரையும் நீக்கலாகாது என்று அது பரிந்துரைத்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் நல அதிகாரி இருப்பதைக் கட்டாயமாக்கியது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 300 பேர் என்று வரம்பு வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பிலோ அவ்வரம்பு தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கும் 250 பேராகும்.

ஆகவே, வேலைவாய்ப்பைக் கைக்கூலியிலிருந்து மீட்பதற்கென்று உண்டான நாற்காலி இது. இதில் அமர விரும்பும் பிள்ளை முதலில் அறிய வேண்டிய செய்தியும் இதுவே. சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆள் தேர்வு, சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, விடுப்பு, சேமநிதி, ஈ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி, பிரசவ விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, தொழிற்சங்கத்தாருடன் பேச்சுவார்த்தை ஆகிய அனைத்தும் இவ்வதிகாரியின் மேஜைக்கே வருகின்றன. ஒரு தேதி பிழையாகப் பதிவானால் ஒருவருடைய ஓய்வூதியமே தடைப்படக்கூடும். சட்டமும் கணக்கும் பொறுமையும் ஒருங்கே வேண்டும்.

படிக்கும் இடத்துக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. நம் ஊர் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பெற்ற லயோலா சமூக அறிவியல் கல்லூரியில் சமூகப்பணி, மனிதவளம் ஆகிய முதுகலைப் படிப்புகள் உள்ளன. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952இல் நிறுவிய சமூகப்பணிப் பள்ளியும், தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையமும் உள்ளன. மேலும் உயர நோக்குவோர்க்கு 1936இல் பம்பாயில் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் நிலையமும், 1949இல் ஜாம்ஷெட்பூரில் தோன்றிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யும் இருக்கின்றன. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் இவற்றில் பலவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, தொழிற்சாலைக்கோ மருத்துவமனைக்கோ அனுப்பி நேரடிப் பயிற்சி தருகிறார்களா என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அப்பயிற்சியே முதல் வேலைக்குச் சிபாரிசு.

ரயில்வேயிலும் இதற்கு ஒரு வாயில் உண்டு. பணியாளர் மற்றும் நல ஆய்வாளர் என்ற பதவிக்கு ரயில்வே தேர்வு வாரியம் நேரடியாக ஆளெடுக்கிறது. பட்டத்துடன் தொழிலாளர் நலம், சமூக நலம் அல்லது தொழிலாளர் சட்டத்தில் டிப்ளமா பெற்றிருப்பவர்கள் அதற்கு எழுதலாம். பணியிலிருக்கும்போதே ஓர் ஊழியர் காலமானால், அவர் வீட்டுக்குச் சென்று, விதவைக்கும் குழந்தைகளுக்கும் சேர வேண்டிய தொகைகளுக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் காகிதங்களை ஒழுங்குசெய்து தருபவர் இந்த ஆய்வாளரே. கையெழுத்திடக் கூசும் ஓர் அம்மாவுக்கு அவர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு பாரத்தையும் படித்துச் சொல்லும்போது, உத்தியோகத்தின் முழுப் பொருளும் விளங்கிவிடும்.

மேற்படிப்புக்கு உடனே வசதியில்லாத குடும்பங்கள் மனந்தளர வேண்டா. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் குமாஸ்தா வேலை, வருகைப் பதிவு வேலை, ஆள் தேடித் தரும் ஏஜென்ஸிகளில் உதவியாளர் வேலை ஆகியவை சிறியவையாயினும் அத்தொழிலின் உட்படிகளே. இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கே சேமநிதியும் ஈ.எஸ்.ஐ.யும் கைப்பழக்கமானபின், மாலை வகுப்பிலோ அஞ்சல் வழியிலோ டிப்ளமா பெற்றால் மேற்படிக்குச் செல்லலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவன் எத்தனை அழகிய அலுவலகம் வைத்திருந்தாலும் பழைய மேஸ்திரியின் வாரிசே. அவனிடம் பிள்ளையையும் ஒப்படைக்கலாகாது, பணத்தையும் ஒப்படைக்கலாகாது.

இத்தொழிலில் நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஒரு முதல் உண்டு. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என வளர்ந்தவர்கள் அவர்கள். வங்காளம், ஒடிசா, அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து கேரளம் வந்து உழைப்போரோடு பேசச் சிறிது இந்தியும் கற்றுக்கொண்டால் அம்முதல் இரட்டிப்பாகும். மொழி இங்கே அலங்காரமன்று. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், 20 சதவிகித போனஸ் கேட்டு வீதியில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகே சேர்க்காமல் 'பெண்கள் ஒருமை' என்ற பெயரில் தாமே போராடினார்கள். ஒன்பது நாட்களுக்குப் பின் 20 சதவிகிதத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. யார்மீதும் குறை கூற இதை எழுதவில்லை. தங்களுக்காகப் பேசுபவர் எவருமில்லை என்று உழைப்பவர் எண்ணும் நாள் வருமுன், லயத்து வாசலில் நின்று அவர்கள் மொழியில் அவர்கள் சொல்வதைக் கேட்கும் ஒருவர் எவ்வளவு தேவை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. இவ்வதிகாரிக்குச் சம்பளம் தருவது முதலாளி. நம்பிக்கை தர வேண்டியவர் தொழிலாளி. ஆட்குறைப்புக் கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டிய நாளும் அவருக்கு வரும். அன்று கடிதத்தோடு, சட்டப்படி சேர வேண்டிய ஒவ்வொரு காசையும் கணக்கிட்டுக் கொடுப்பவரே நாற்காலிக்குத் தகுதியானவர். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவனா, கணக்கில் கண்டிப்பானவளா, கைசுத்தம் உடையவரா என்று பாருங்கள். ஆம் எனில், இவ்வழியை அவர்களுக்குக் காட்டுங்கள். ஒரு காலத்தில் கங்காணிக்குப் பின்னால் மூட்டையோடு நடந்த குலத்தில் பிறந்தவர், ஆளெடுக்கும் மேஜையில் நேர்மையோடு அமர்வது நம் சமூகத்துக்கே பெருமையாகும்.