சக்கரக் கணக்கு – 14: ராத்திரி எங்கே நிற்கும்?

கம்பெனி வேன்களின் டீசல் செலவையும் மின்சாரச் செலவையும் சென்ற வாரம் எதிரெதிரே வைத்துப் பார்த்தோம். அதிகம் ஓடுகிற வண்டிக்குத்தான் பேட்டரிக்குக் கொடுத்த காசு திரும்பும் என்று முடித்திருந்தேன். இந்த வாரம் ஹைபிரிட் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு பால் வண்டி குறுக்கே வந்துவிட்டது.

எங்கள் தெருவில் விடிவதற்கு முன் கேட்கிற முதல் சத்தம் அதனுடையதுதான். அம்பத்தூர் ஆவின் பால்பண்ணையிலிருந்து வரும் டீசல் வண்டி. முனையில் நிற்கும், பால் டப்புகளை இறக்கும், உறுமிக்கொண்டு அடுத்த முனைக்குப் போகும், மறுபடி நிற்கும்.

இதே வேலையை பிரிட்டனில் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் மின்சார வண்டியில் செய்திருக்கிறார்கள். 1967இல் அந்நாட்டு மின்வாகனச் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. உலகின் மற்ற நாடுகள் அத்தனையிலும் ஓடும் பேட்டரி வண்டிகளைக் கூட்டினாலும் பிரிட்டனில் ஓடுபவை அதைவிட அதிகம் என்றது அந்த அறிக்கை. ஏறக்குறைய எல்லாமே பால்காரர்களின் வண்டிகள்! இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. லித்தியம் கிடையாது, வேக சார்ஜர் கிடையாது, கைபேசிச் செயலி கிடையாது. பழைய ஈய பேட்டரி. மணிக்கு 25 கிலோமீட்டர் போனால் பெரிது. அதை வைத்துக்கொண்டு ஒரு நாடே காலைக் காப்பிக்குப் பால் வாங்கியிருக்கிறது.

எப்படி முடிந்தது? வழி தினமும் ஒன்றேதான். வீட்டுக்கு வீடு நின்று கிளம்புவதைவிட என்ஜினுக்குக் கேடு வேறில்லை. மோட்டாரோ நிற்கும்போது எதையும் குடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், சுற்று முடிந்ததும் அத்தனை வண்டியும் பண்ணைக்கே திரும்பி, ஒரே கொட்டகையில் வரிசையாக நின்று சார்ஜ் ஏறின. பிறகு வீடுதோறும் ஃபிரிட்ஜ் வந்தது, சூப்பர் மார்க்கெட்டில் பால் மலிவானது, வாசலில் பாட்டில் வாங்குவோர் குறைந்தனர். வண்டி தோற்கவில்லை, அதன் வேலை போய்விட்டது. நம் ஊரில் அந்த வேலை இன்னும் ஒவ்வொரு விடியற்காலையும் நடக்கிறது. டீசல் புகையில் நடக்கிறது என்பதுதான் என் ஆற்றாமை.

ஒரே கொட்டகைக்குத் திரும்பிச் சார்ஜ் ஏறும் வண்டிகள் இப்போது நம் ஊரிலும் உண்டு. அதற்குப் பூந்தமல்லிக்கு வருவோம். சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் உலக வங்கி உதவியோடு 625 மின்சாரப் பேருந்துகளை ஐந்து பணிமனைகளிலிருந்து விடத் திட்டமிட்டது. 2025 ஜூனில் வியாசர்பாடி, அடுத்து பெரும்பாக்கம், டிசம்பரில் பூந்தமல்லி. இங்கே கழகம் பேருந்தை வாங்கவில்லை. அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் குளோபல் மொபிலிட்டி பேருந்தும் ஓட்டுநரும் தரும். பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. நடத்துநர் கழகத்தின் ஆள். ஓடிய தூரத்துக்குக் கூலி: சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 77 ரூபாய் 16 காசு, குளிர்சாதனப் பேருந்துக்கு 80 ரூபாய் 86 காசு. பேட்டரி என்ன ஆகுமோ என்ற பயத்தை, அதைத் தெரிந்தவர் தலையில் வைத்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அதைவிட முக்கியம், பேருந்து வருவதற்கு முன்பு பணிமனையைத்தான் மாற்றிக் கட்டினார்கள். தரை, மின்மாற்றி, சார்ஜர் எல்லாம் முதலில். நம் கம்பெனிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வண்டிக்கு ஆர்டர் போட்ட பிறகு பிளக் தேடுகிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்துக்கு ஷிப்ட் கார் ஓட்டும் தம்பி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். புது மின்சாரக் கார். குடியிருப்பது பட்டாபிராமில், மூன்றாவது மாடி வாடகை வீடு. வண்டி தெருவில் நிற்கும். "நைட்டு ரெண்டு மணிக்குக் கடைசி ட்ரிப்பை இறக்கிட்டு வீட்டுக்கு வருவேன் சார். நானாவது சாப்பிட்டுப் படுப்பேன், வண்டி விடியவிடியப் பட்டினி" என்றார். காலை ஐந்தரைக்கு அடுத்த ட்ரிப். இடையில் பொதுச் சார்ஜரைத் தேடிப் போகும் நேரம் அவருடைய தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. அந்தக் காரை வாங்கும்போது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா மிச்சம் என்று கணக்குப் பார்த்திருப்பார்கள். ராத்திரி எங்கே நிற்கும் என்று யாராவது கேட்டிருந்தால் முதல் கேள்வியிலேயே விடை வந்திருக்கும்.

கம்பெனி வளாகத்திலேயே நிறுத்த முடிந்தால் சாதாரண 16 ஆம்பியர் பிளக் போதும். அது சுமார் 3.3 கிலோவாட் தரும். எட்டு மணி நேரத்தில் 26 யூனிட். டாக்ஸிக்கென்றே டாடா விற்கும் எக்ஸ்பிரஸ்-டி போன்ற காருக்கு ஓர் இரவில் அது ஏறக்குறையப் போதும். பத்துக் கார் ஒரே நேரத்தில் நின்றால் 33 கிலோவாட். சிறு பட்டறைக்கு வாங்கிய மின்பளு இதைத் தாங்காது, முன்னதாகவே மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். உயரழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைக்கு இன்னொரு கணக்கு உண்டு. காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. மாலை ஷிப்ட் முடிந்து வந்தவுடன் எல்லோரும் பிளக்கைச் செருகினால், அந்த மாதம் பில்லைப் பார்த்துவிட்டு மின்சார வண்டியைத் திட்டுவார்கள்.

வரி, பெர்மிட் பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்குச் சுருக்கமாக: மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். வாடகைக்கு ஓடும் மின்சார வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018இல் அறிவித்தது. பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி, வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி. பாடி மேம்பாலத்தருகே பத்து நிமிடம் நின்று எண்ணிப் பாருங்கள், மஞ்சள் எழுத்து எத்தனை என்று.

ஹைபிரிட்டுக்கு இடம் போதவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன ஹைபிரிட்டுக்கு 18, பெரியதுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. அவ்வளவு வரி கட்டியும் அதை வாங்கத்தான் வேண்டுமா? பட்டாபிராம் தெருவில் நிற்கும் அந்தக் காருக்குப் பதில் ஒரு ஹைபிரிட் நின்றிருந்தால் அந்தத் தம்பி எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கியிருப்பார்? அவருடைய ஒரு வாரத்து ட்ரிப் ஷீட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த இதழில் அதைப் பிரிக்கலாம்.

(தொடரும்)