கொம்யூன் என்னும் சொல்

மக்களைப் போலவே சொற்களும் நாடு விட்டு நாடு செல்லும். அங்ஙனம் கடல் கடந்து வந்து நம்மூர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது ‘கொம்யூன்’ என்பது. வில்லியனூர், பாகூர் ஆகிய ஊர்களில் அலுவலகப் பெயர்ப்பலகைகளில் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என எழுதியிருத்தலை மாணவர்கள் கண்டிருப்பர். அதன் பொருள் யாது?

இது பிரெஞ்சு மொழியினின்று வந்த சொல். 1880ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் பிறந்த ஆணையால் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் கொம்யூன்களாக வகுக்கப்பெற்றன. 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி நீங்கிற்று, சொல் நீங்கவில்லை. 1973ஆம் ஆண்டில் இயற்றிய ஊராட்சிச் சட்டமும் அப்பெயரையே மேற்கொண்டது.

பிரெஞ்சு மொழிக்குத் தாய் இலத்தீன். அம்மொழியில் ‘கொம்’ என்பது ‘உடன்’ எனப் பொருள்படும். ‘மூனுசு’ என்பது கடமை, பணி, கொடை எனப் பலபொருள் குறிக்கும். இவ்விரு வேர்களும் இணைந்து ‘கொம்மூனிசு’ என்றாயின. கடமையில் உடன்பங்கு உடையது என்பதே அதன் முதற்பொருள். ‘பொது’ என்பது அதனின்று விரிந்த பொருள். ‘முனிசிபாலிட்டி’ என்னும் சொல்லும் அவ்வேரினின்று கிளைத்ததே. ஆங்கிலத்தில் ‘இம்யூன்’ என்று ஒரு சொல் உண்டு. இன்று நோய் பற்றாதவனைக் குறிக்கும் அச்சொல், பண்டு வரி முதலிய பொதுக்கடமைகளினின்று விலக்குப் பெற்றவனைக் குறித்தது.

‘பஞ்ச’ என்பது ஐந்தைக் குறிக்கும் வடசொல். ஆகவே, ‘கொம்யூன் பஞ்சாயத்து’ இலத்தீன் வேரும் வடமொழி வேரும் கலந்த தொடர் என்க.

இத்தகைய கலப்புச்சொல் நம்மிடம் முன்னரும் உண்டு. ஏரிநீரால் பயிர்செய்வோர் ஒன்றுகூடிக் கரையைச் செப்பனிட்டு, வாய்க்காலைத் தூர்வாரும் வழக்கத்திற்குக் ‘குடிமராமத்து’ என்பது பெயர். ‘குடி’ தமிழ்; ‘மராமத்து’ அரபு மொழியினின்று வந்தது; செப்பனிடுதல் என்பது பொருள். பாகூர் ஏரிபோலும் பெரிய ஏரியை ஒருவர் தனித்துக் காத்தல் இயலுமோ? நீர் எல்லார்க்கும் உரியதாயின், கரையைக் காக்கும் கடமையும் எல்லார்க்கும் உரியதன்றோ? ‘கொம்மூனிசு’ கூறுவதும் இதுவே.

புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பின், 2006ஆம் ஆண்டில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அதில் தேர்வு பெற்றோரின் பதவிக்காலம் 2011ஆம் ஆண்டில் முடிந்தது. பதவிக்குக் காலவரையறை உண்டு; ஊரார் கடமைக்கு அஃது இல்லை. பெயர்ப்பலகையில் உள்ள சொல்லை வாசித்தால் மட்டும் போதாது. அதன் வேர்ப்பொருளை வாழ்விலும் காட்டுதல் வேண்டும்.