மடிப்பும் உடுப்பும்

தாளை மடித்துப் பறவையும் பூவும் ஆக்கிக்காட்டும் கலையை யப்பானியர் ஓரிகாமி என்பர். 'ஓரி' என்பது மடித்தல். 'காமி' என்பது தாள். சிறுவர் விளையாட்டென எண்ணப்படும் இக்கலை, ஆடையமைப்பிலே புதிய நெறியொன்றைத் தோற்றுவித்தவாற்றை ஈண்டு நோக்குவாம்.

மேனாட்டுத் தையற்கலை, உடலின் வளைவுகளுக்கேற்பத் துணியை வெட்டிப் பொருத்துவது. யப்பானியரின் கிமோனோவோ ஒடுங்கிய நீண்ட துணியை நேர்கோடாக வெட்டித் தைக்கப்படுவது; களைந்து மடித்தாற் தட்டையாகிவிடும். உடுத்தவிடத்தே அது உருப்பெறும். தட்டையான தாளிலிருந்து உருவெடுக்கும் ஓரிகாமிக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை.

ஆயின், தாளில் இட்ட மடிப்பு நிற்கும்; பருத்தித் துணியில் இட்ட மடிப்போ ஒரு சலவையோடு மறையும். இவ்விடர்ப்பாட்டிற்குத் தீர்வு கண்டவருள் தலையாயவர் இசே மியாக்கே (1938–2022). பொதுவாகத் துணியை முதலில் மடித்துப் பின்னர் வெட்டித் தைப்பர். அவரோ ஆடையை வேண்டிய அளவினும் 2½ முதல் 3 மடங்கு பெரிதாகத் தைத்து, தாள்களுக்கிடையே வைத்து, வெப்ப அழுத்தப் பொறியிற் செலுத்தினார். பொலியெஸ்ரர் இழை வெப்பத்தால் இளகி, ஆறும்பொழுது புதிய வடிவைப் பற்றிக்கொள்ளும். ஆதலின், துவைப்பினும் மடிப்பு அழியாது; உடல் அசையுந்தோறும் ஆடையும் விரிந்து சுருங்கும். 1993இல் 'பிளீட்ஸ் பிளீஸ்' என்னும் பெயரோடு இவ்வாடைகள் தனி வரிசையாக வெளிவந்தன.

2010இல் அவர்தம் குழுவினர் மற்றுமொரு படி முன்சென்றனர். கணினி அறிஞர் யுன் மித்தானியின் முப்பரிமாண மடிப்பாய்வைத் துணைக்கொண்டு '132 5.' என்னும் வரிசையை அமைத்தனர். 1 ஒரே துணியையும், 3 முப்பரிமாண வடிவையும், 2 அது தட்டையாய் மடிந்த நிலையையும், 5 உடுப்போரைச் சேர்ந்தவிடத்துப் பெறும் உயிர்ப்பையும் குறிக்கும். தரையிலே விண்மீன் போலவும் சதுரம் போலவும் கிடக்கும் மடிப்பை மேலே தூக்கினால், அது பாவாடையாகவோ சட்டையாகவோ எழும். இங்கும் கத்தரிக்கு வேலையுண்டு. ஆயினும் உருவை ஆக்குவது மடிப்பே. மீளப் பயன்படுத்தப்பெற்ற பொலியெஸ்ரரே இவ்வாடைகளுக்கு மூலப்பொருள்.

மியாக்கே கிரோசிமாவிற் பிறந்தவர். 1945இல் அணுகுண்டு வீழ்ந்தபோது அவருக்கு வயது 7. மூன்றாண்டுகளுக்குள் கதிர்வீச்சின் கொடுமையால் தாயையும் இழந்தார். நெடுங்காலம் இதனைப் பேசாதிருந்த அவர், அழிப்பனவற்றையன்றி ஆக்குவனவற்றையே எண்ண விரும்பியதாக 2009இல் எழுதினார். ஒரு தாளில் இட்ட மடிப்பிலிருந்து அவர் கற்றதும் அதுவே போலும்: பொருளைச் சிதையாமலே அதற்குப் புதுவடிவம் தரலாம். ஆடை புனைவோர்க்கு மட்டுமன்றி, ஆக்கத்தொழில் பயில்வோர் யாவர்க்கும் இஃது ஏற்றதொரு பாடமாகும்.