சிலை மனிதனை சிரிக்க வைக்கப் போராடிய 8 வயது சிறுவன்!
தந்தை சொன்ன ஒரு வார்த்தை. 29 ஆண்டாகியும் மறக்காத குடும்பம்

சென்னை, ஜன.17-

காணும் பொங்கல் கூட்டத்தில் காணாமல் போன மகனைத் தேடி தாய் கடற்கரை முழுவதும் கதறி ஓடினார். மகனோ, ஆடாமல் அசையாமல் நின்ற "சிலை மனிதன்" முன்பு நின்று கோணங்கி காட்டிக்கொண்டு இருந்தான். அதற்கு அவன் சொன்ன காரணத்தைக் கேட்டு தந்தை கலங்கிப் போனார்.

இது நடந்தது 1997-ம் ஆண்டு. அந்தச் சிறுவனுக்கு இப்போது 37 வயது. ஆட்டோ ஓட்டுகிறார். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் அந்தக் குடும்பத்தில் இந்தப் பேச்சு வராமல் இருப்பது இல்லை.

அதன் விவரம் வருமாறு:-

தவணையில் ரேடியோ

சென்னை பட்டாளத்தில் வசித்தது அந்தக் குடும்பம். தந்தை, பெரம்பூர் பின்னி மில் தொழிலாளி. ஒரு மகள், ஒரு மகன்.

தவணை முறையில் ரேடியோ, கடிகாரம் விற்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவர்கள் வி.ஜி.பன்னீர்தாஸ் சகோதரர்கள். இவர்கள் வீட்டு ரேடியோவும் அப்படி வாங்கியதுதான். அந்தச் சகோதரர்கள் 1970-களில் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய வி.ஜி.பி. கோல்டன் பீச், சென்னைவாசிகளின் உல்லாச இடமாக விளங்கியது. கடல், ராட்டினம், சிலைகள், சினிமா ஷூட்டிங் என்று எல்லாம் ஒரே இடத்தில்!

"நைனாவுக்கு வருசத்துல ஒரு நாள்தான் எங்களோட வெளியே வர நேரம் கிடைக்கும். அது காணும் பொங்கல். முந்தின நாளே எங்களுக்கு தூக்கம் வராது" என்றார் மகன்.

விடியற்காலை 4 மணிக்கே தாய் எழுந்து புளிசோறு கிளறுவார். உருளைக்கிழங்கு வறுவல், வடை எல்லாம் தூக்குவாளியில் ஏறும். பாரிமுனை வரை ஒரு பஸ். அங்கிருந்து மாமல்லபுரம் பக்கம் போகும் இன்னொரு பஸ். திருவான்மியூர் தாண்டியதும் சவுக்குத் தோப்பும் கடல் காற்றும் வரும். தோப்பு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு விட்டுத்தான் உள்ளே போவார்கள்.

மில் மூடியது

1996-ம் ஆண்டு பின்னி மில் மூடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய மில். அதன் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே உலை வைத்த வீடுகள் அந்த வட்டாரத்தில் ஏராளம். சங்கு நின்றது. சம்பளமும் நின்றது.

அந்தப் பொங்கலுக்கு புதுத்துணி இல்லை. "கோல்டன் பீச் வேணாம்" என்று தாய் சொல்லிப் பார்த்தார். தந்தை கேட்கவில்லை.

"புள்ளைங்க வருசம் பூரா காத்துக்கினு இருக்குதுங்க. மில்லு மூடினது அதுங்க தப்பா?" என்று கேட்டார்.

மனைவியின் மூக்குத்தி அடகுக்கடைக்குப் போனது. குடும்பம் பஸ் ஏறியது.

காணோம்!

அன்று கோல்டன் பீச்சில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மகளுக்கு தண்ணீர் வாங்க தந்தை போனார். தாய் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகனைக் காணோம்!

தாய்க்கு முதலில் தோன்றியது கடல். அந்தக் கரையில் அலை இழுத்தால் பெரியவர்களே தப்புவது கடினம். "அய்யோ எம்புள்ள!" என்று அலறியபடி தண்ணீரை நோக்கி ஓடினார். குளித்துக்கொண்டு இருந்தவர்களை எல்லாம் பிடித்து விசாரித்தார். மைக்கில் பையனின் பெயரைச் சொன்னார்கள். அரை மணி நேரம் ஆகியும் தகவல் இல்லை.

கடைசியில் அவனைக் கண்டுபிடித்தது அக்காள்தான். "சிலை மனிதனை" சுற்றி நின்ற கூட்டத்தில் முதல் ஆளாக நின்றான்.

பரிசுப் பணம்

கோல்டன் பீச்சுக்குப் போனவர்களுக்கு சிலை மனிதனைத் தெரியாமல் இருக்காது. காவலாளி போல உடை, முறுக்கு மீசை. 1990-களின் தொடக்கத்தில் இருந்து அங்கே ஒருவர் மணிக்கணக்கில் கண் இமை கூட அசைக்காமல் நிற்பது வழக்கம். லண்டன் அரண்மனை காவலர்களைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். அவரை சிரிக்க வைத்தால் பரிசு என்று பேச்சு. எத்தனையோ பேர் முயன்று தோற்றுப் போனார்கள்.

சிறுவன் நாக்கை நீட்டினான். குரங்கு மாதிரி குதித்தான். குட்டிக்கரணம் போட்டான். கூட்டம் சிரித்தது. சிலை சிரிக்கவில்லை. பையன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனாலும் விடவில்லை.

ஓடி வந்த தந்தை அடிக்கக் கையை ஓங்கினார்.

"சிரிக்க வச்சா பணம் குடுப்பாங்களாம் நைனா. அம்மா மூக்குத்திய திருப்பிடலாம்" என்றான் மகன்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

பிறகு தந்தை மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னது இதுதான்:-

"வேணாம் கண்ணு. சிரிக்காம நிக்கறதுதான் அவரு வேலை. சிரிச்சிட்டா அந்த வேலை பூடும். அவரு வூட்லயும் உன்ன மாதிரி ஒரு புள்ள இருக்கும்."

மகன் வாயை மூடிக்கொண்டான். திரும்பி வரும்போது சிலை மனிதனுக்கு ஒரு "டாட்டா" காட்டினான்.

22 ஆண்டுக்குப் பின்...

மில் போன பிறகு தந்தை அண்ணாநகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் காவலாளி ஆனார். மூக்குத்தியை மீட்க 2 ஆண்டு ஆனது. கோல்டன் பீச் போவது நின்றே போனது.

2019-ம் ஆண்டு காணும் பொங்கல் அன்று மகன் தன் ஆட்டோவிலேயே பெற்றோரையும் மனைவி, மகளையும் ஏற்றிக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் போனார். ராட்டினத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. தந்தை நேராக சிலை மனிதனிடம்தான் போனார்.

"நானும் இருவது வருசமா கேட்டாண்ட உங்கள மாதிரிதான் நிக்கிறேன். என் புள்ள அன்னிக்கி உங்கள ரொம்ப தொல்ல பண்ணிட்டான். மனசுல வச்சிக்காதீங்க" என்று சொல்லி கும்பிட்டார்.

சிலை மனிதன் அசையவில்லை. பேத்தி மட்டும், "தாத்தா, அவருக்கு காது கேக்குமா?" என்று கேட்டாள்.

"கேக்கும் கண்ணு. எல்லாம் கேக்கும்" என்றார் தாத்தா.

2021-ல் அவர் காலமானார். மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன.

கையில் பட்டை

காணும் பொங்கல் அன்று மெரினாவில் குழந்தைகளின் கையில் பெற்றோரின் செல்போன் நம்பர் எழுதிய பட்டையை போலீசார் கட்டி விடுகிறார்கள். கடலில் இறங்கவும் தடை விதிக்கப்படுகிறது.

மகன் அதற்காகக் காத்திருப்பது இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே மகள் கையில் தானே நம்பரை எழுதி விடுகிறார். பக்கத்தில் மூக்குத்தி மின்ன அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் பாட்டி.