இரண்டாவது பெட்டி எங்கே?

பழைய கோர் ஸ்விட்சை மாற்றும் நிறுவனங்கள் வேகத்துக்குப் பணத்தைக் கொட்டுகின்றன. பழுதாகும் நாளுக்கு ஏற்பாடு செய்ய மறந்துவிடுகின்றன.

2002 நவம்பர் 13. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்கள் திணறத் தொடங்கின. பிறகு முடங்கின. பரிசோதனை முடிவுகள் திரைக்கு வந்து சேரவில்லை. டாக்டர்கள் மீண்டும் பேனாவையும் காகிதத்தையும் எடுத்தார்கள். சீட்டுகளைச் சுமந்துகொண்டு ஊழியர்கள் ஓடினார்கள். நிலைமை சீரடைய ஏறத்தாழ 4 நாட்கள் பிடித்தன.

வைரஸ் அல்ல, நாசவேலையும் அல்ல. ஓர் ஆராய்ச்சியாளர் இயக்கிய மென்பொருள் ஏராளமான தகவல்களை நெட்வொர்க்கில் கொட்டியது. அதைத் தாங்கும் நிலையில் நெட்வொர்க் இல்லை. தேவை எழும்போதெல்லாம் ஒரு ஸ்விட்சுடன் இன்னொன்றைக் கோத்துக் கோத்து வளர்த்திருந்தார்கள். ஸ்விட்சுகளுக்கிடையே தகவல் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்காமல் தடுப்பது 'ஸ்பானிங் ட்ரீ' என்ற வழிமுறை. 1985ல் ராடியா பெர்ல்மன் வகுத்தது. எந்த இரு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே 7 ஸ்விட்சுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதற்கான தரநிர்ணயப் பரிந்துரை. பாஸ்டனில் அந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டிருந்தது.

சிஸ்கோ நிறுவனத்தின் அவசரக் குழுவும் புதிய கருவிகளும் வந்து இறங்க, நெட்வொர்க்கின் மையம் திருத்தி அமைக்கப்பட்டது. தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மூடி மறைக்காமல் பகிரங்கமாக விளக்கினார். அதனால்தான் அந்தச் சம்பவம் இன்றும் பாடமாக இருக்கிறது.

இந்தியாவில் 300, 400 கம்ப்யூட்டர்கள் உள்ள கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை எதற்கும் இந்தப் பாடம் பொருந்தும். கோர் ஸ்விட்ச் என்பது ரயில்வே ஜங்ஷன் போல. ஒவ்வொரு மாடியின் ஸ்விட்சும் இங்கேதான் வந்து சேர்கிறது. மாடி ஸ்விட்ச் கெட்டால் ஒரு மாடி மட்டும் பாதிக்கப்படும். இது கெட்டால் பில் போடும் கவுன்டர் முதல் பரிசோதனைக்கூடம் வரை எல்லாமே நின்றுவிடும். பழைய ஸ்விட்ச் இன்னமும் ஓடுகிறது என்பது ஆறுதல் அல்ல. தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்றே பொருள்.

எவ்வளவு வேகம் வேண்டும்? கணக்கு எளிது. 400 கம்ப்யூட்டர்களுக்கு 48 இணைப்புகள் கொண்ட மாடி ஸ்விட்சுகள் 10 போதும். ஒவ்வொன்றிலிருந்தும் மையத்துக்கு 10 ஜிகாபிட் வேகத்தில் இரண்டு இணைப்புகள். ஆக 20. சர்வர்களையும் சேர்த்தாலும் 48 இணைப்புகள் கொண்ட 10 ஜிகாபிட் ஸ்விட்சில் இடம் மிஞ்சும். விளம்பரத்தில் அதன் திறன் 960 ஜிகாபிட் என்று மின்னும். போக்கு, வரவு இரண்டையும் கூட்டிய எண் அது. அதில் மயங்க வேண்டியதில்லை. பழைய ஸ்விட்சின் இணைப்புகளில் ஒரு மாதம் போக்குவரத்தை அளந்து பார்த்தாலே உண்மைத் தேவை தெரிந்துவிடும்.

மிச்சமாகும் பணம் இரண்டாவது பெட்டிக்குப் போக வேண்டும். மிகப் பெரிய ஒற்றை ஸ்விட்சைவிட நடுத்தரமான இரண்டு ஸ்விட்சுகள் மேல். ஒவ்வொரு மாடியிலிருந்தும் வரும் இணைப்புகளில் ஒன்று இதற்கு, மற்றது அதற்கு. இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் தொங்கினால் பயனில்லை. இரண்டையும் இணைத்து ஒன்றாக இயக்கும் வசதியைச் சில தயாரிப்புகள் தருகின்றன. நிர்வகிக்கச் சுலபம். ஆனால் மென்பொருளில் கோளாறு வந்தால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடலாம். எனவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி: ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதன் மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா?

பெயர்ப் பலகையை மட்டும் நம்பிப் பயனில்லை. நார்டெல் 2009ல் திவாலானது. அதன் நிறுவனங்களுக்கான நெட்வொர்க் பிரிவை அவாயா வாங்கியது. 2017ல் அது எக்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் கைக்குப் போனது. 3காம் 2010ல் ஹெச்பியிடம் சேர்ந்தது. ஜூனிப்பர் 2025ல் ஹெச்பிஇயிடம் போனது. எனவே எத்தனை ஆண்டுகளுக்கு உதிரி பாகமும் மென்பொருள் திருத்தமும் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றுக் கருவி 4 மணி நேரத்தில் வருமா, மறுநாள் வருமா? உங்கள் ஊருக்கும் அது பொருந்துமா? பெருநகரத்தில் கிடைக்கும் சேவை மாவட்டத் தலைநகரில் கிடைக்கும் என்று யாரும் எண்ணிக்கொள்ளக் கூடாது.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகளும் உண்டு. சில ஸ்விட்சுகளில் முக்கிய வசதிகளுக்கு ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும். ஃபைபர் கேபிளைச் செருகும் மாட்யூல்களின் விலை தனி. 400 வாட் இழுக்கும் கருவி ஆண்டு முழுவதும் ஓடினால் 3,504 யூனிட் மின்சாரம். யூனிட் ரூ. 8 என்று வைத்தால் 5 ஆண்டுகளில் சுமார் ரூ. 1.4 லட்சம். ஏசி செலவு இதில் சேரவில்லை. ஆக, ஒப்பிட வேண்டியது வாங்கும் விலையை அல்ல, 5 ஆண்டுச் செலவை.

சட்டமும் குறுக்கே வருகிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28ல் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் அமைப்புகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். தன் பதிவுகளைத் தனி சர்வருக்கு அனுப்பத் தெரியாத ஸ்விட்ச் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கடைசியாக ஒரு பரீட்சை. ஆண்டுக்கு 99.9 சதவீதம் இயங்கும் என்ற வாக்குறுதி கேட்க இனிமையானது. மீதி 0.1 சதவீதம் என்பது 8 மணி 46 நிமிடம். அது ஞாயிறு நள்ளிரவில்தான் வரும் என்று எந்த விற்பனையாளரும் எழுதித் தரமாட்டார். ஆகவே பாக்கித் தொகையைக் கொடுப்பதற்கு முன், முன்னறிவிப்புடன் ஒரு விடுமுறை நாளில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இயக்கி வைத்து, இரண்டு ஸ்விட்சுகளில் ஒன்றின் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். பில் கவுன்டர் தொடர்ந்து ஓடினால் செக்கில் கையெழுத்துப் போடலாம்.